மூச்சு முந்தும், மூட்டு பிந்தும்: செட்டிநாட்டிலிருந்து சிறுமலை வரை சைக்கிளில்

காரைக்குடியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மலை என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படாது. குன்றக்குடியில் ஒரு பாறைக்குன்று, திருமயத்தில் கோட்டையைத் தலையில் தாங்கிய இன்னொரு பாறை, மேற்கே தொலைவில் பிரான்மலை. மற்றதெல்லாம் பொட்டல், கண்மாய், சீமைக்கருவேலம். ஆகவே இங்கே மலையேறுவதற்கென்று யாரும் சைக்கிள் வாங்குவதில்லை. சர்க்கரை கூடிவிட்டது, நடங்கள் அல்லது மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அல்லது பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் முகப்பில் சும்மா நின்று துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் ஆசை கிளம்பிவிடும். பிள்ளையார்பட்டி வரை போய்விட்டோமே, திருப்பத்தூர் போனால் என்ன, சிங்கம்புணரி போனால் என்ன, திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கே ஏறிப் பார்த்தால் என்ன?

அந்த ஆசை வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை: சமதரையில் தொடங்கிப் பதினாறு வாரத்தில் சிறுமலை ஏறுவதற்கு ஒரு கணக்கு. பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

நான் தொடங்கியது நாற்பத்தோராவது வயதில். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமயம் போய்த் திரும்பினேன். போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எங்கும் மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. அந்தத் திமிரோடு வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் வலது முழங்கால் மடங்கவில்லை. மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. உடம்பு ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மிதிக்கத் தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அதிகமாக இறைக்கிறது. அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண்களுக்கு இரத்த ஓட்டமே குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். மூச்சு முந்திவிடும், மூட்டு பின்னால் ஆற அமர வரும். ‘எனக்குத்தான் களைப்பே இல்லையே’ என்று தோன்றுகிற ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் புதியவர்கள் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கீழே நான் சொல்கிற எல்லா நிதானமும் அந்தப் பிந்தி வருகிற மூட்டுக்காக.

கிளம்புமுன்: சீட்டை ஏற்றுங்கள்

புதுச் சைக்கிள் வேண்டியதில்லை. முதல் ஒரு மாதத்துக்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும். நம் ஊரில் தெருக்கள் அகலம், தரை சமம். கண்மாய்க் கரையில் ஏறி இறங்குவதுதான் பெரிய ஏற்றம். (சைக்கிளுக்கும் செட்டிநாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்கிற டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. அதை நடத்தும் முருகப்பா குடும்பத்தாருக்குப் பூர்வீகம் பள்ளத்தூர்.)

வாங்குவதைவிட முக்கியம் சீட்டின் உயரம். எனக்கு முழங்கால் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றினால்தான் பாதுகாப்பு என்று நினைத்துச் சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன். நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சரியான உயரத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் முழுக்கக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அந்த உயரம் போதும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கி நிற்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் வந்துவிடும்.

பிறகு வலி வந்தால், வலிக்கிற இடமே காரணம் சொல்லும். முழங்காலின் முன்பக்கம், சிரட்டைக்குக் கீழே வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு, அல்லது கனமான கியரில் அழுத்துகிறீர்கள். பின்பக்கம் இழுத்தால் சீட்டு உயரம் அதிகம். அரை சென்டிமீட்டர் மாற்றி ஒரு வாரம் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு அங்குலம் ஏற்றாதீர்கள். கை மரத்துப்போனால் உடம்புப் பாரத்தையெல்லாம் ஹேண்டில்பாரில் சாய்க்கிறீர்கள் என்று அர்த்தம். முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியை அவ்வப்போது மாற்றிப் பிடியுங்கள்.

டயரில் காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘போதும்’ என்று முடிவு செய்யாதீர்கள். அளவுமானியுள்ள ஒரு கைப்பம்பு வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைந்த டயரில் பத்துக் கிலோமீட்டர் போவது பதினைந்து போன களைப்பைக் கொடுக்கும்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் செட்டிநாட்டில் சைக்கிள் பேச்சே கிடையாது. சீமைக்கருவேல முள் ஆணிக்குச் சளைத்ததல்ல. வெட்டிப்போட்ட விறகு வண்டியில் போகும்போதெல்லாம் சாலையோரம் சிதறிக் கிடக்கும். ஒரே நாளில் மூன்று முறை பஞ்சரான என் சைக்கிளைப் பார்த்து, ஒட்டுகிற தம்பி சொன்னான்: “அண்ணே, டியூப்ப மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா ஆகாது. டயருக்குள்ள வெரல விட்டுத் தடவிப் பாருங்க, மொன ஒடிஞ்சு உள்ளயே நிக்கும்.” நின்றது. அன்றிலிருந்து ஒரு உபரி டியூப், இரண்டு டயர் நெம்பி, ஒட்டுக்கான சொல்யூஷன், சின்னப் பம்பு நான்கும் இல்லாமல் நான் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். நடுப்பொட்டலில் பழக முடியாது.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் மிதித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும், மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஆனி: பேசிக்கொண்டே மிதியுங்கள்

இந்தப் பதினாறு வாரக் கணக்கை நான் ஆனியில் தொடங்கச் சொல்வேன். அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று நான்கு மாதம் கையில் இருக்கிறது, ஐப்பசி அடைமழைக்குள் மலையேறிவிட்டு வந்துவிடலாம். வேறு மாதத்தில் தொடங்குகிறவர்கள் வாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் தொடங்க வேண்டாம்.

முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள். இடையில் ஒருநாளாவது ஓய்வு. இரண்டு நாள் முப்பது, நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூட. மொத்தம் வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் போதும். காரைக்குடியில் இருப்பவர்களுக்குக் கோட்டையூர் போய்த் திரும்புவது அளவான தூரம். வீடு பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இருந்தால் அதே அளவுக்கு ஒரு பாதை பிடித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு மீட்டர் வேண்டாம், இதயத்துடிப்பு பார்க்கிற கடிகாரமும் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்தில் ஒருவர் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ‘நேத்து கல்யாணத்துல என்ன பலகாரம் போட்டாங்க’ என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் சரியான வேகம். ‘நேத்து... கல்யாணத்துல...’ என்று உடைந்தால் வேகம் அதிகம். பாட்டுப் பாட முடிந்தால் ரொம்ப மெதுவாகப் போகிறீர்கள். இந்தப் பேச்சு வேகத்தில்தான் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, நீண்ட தூரத்துக்கான அடித்தளம் விழுகிறது. புதியவர்கள் செய்கிற பெரிய தவறு ஒவ்வொரு நாளும் ‘நேற்றைவிட இரண்டு நிமிடம் முன்னால்’ வந்துவிடப் பார்ப்பது. அது களைப்பைத்தான் சேர்க்கும், தூரத்தைச் சேர்க்காது.

கால் சுற்றுகிற வேகத்தையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஒரு காலை மட்டும் கவனித்து அரை நிமிடம் எண்ணுங்கள். முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து சுற்று வந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால், கியர் உள்ள சைக்கிளில் கியரை இளக்குங்கள், அதாவது லேசாகச் சுற்றுகிற கியருக்கு மாற்றுங்கள். கனமான கியரில் நின்று நிதானமாக அழுத்துவது பார்ப்பதற்குப் பலசாலி மாதிரி இருக்கும், ஆனால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும்.

கூட்டுகிற கணக்கு

ஒவ்வொரு வாரமும் மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். நான்காவது வாரம் கூட்டாமல், மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட வேண்டும். அது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அந்த வாரத்தில்தான் உடம்பு முந்தைய மூன்று வாரத்து வேலையைக் கட்டி முடிக்கிறது. மறுவாரம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

வாரம் முப்பது கிலோமீட்டரில் தொடங்கி இப்படிப் பன்னிரண்டு முறை கூட்டினால் தொண்ணூறைத் தாண்டிவிடும். வட்டிக்கு வட்டி கணக்குதான். செட்டிநாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அசலைத் தொடாமல் இருந்தால் போதும்.

வாரத் தூரத்தில் ஏறத்தாழப் பாதி ஞாயிற்றுக்கிழமைக்கு. ஆடியில் குன்றக்குடி போய்த் திரும்பினால் இருபது, பிள்ளையார்பட்டி வரை போனால் இருபத்தைந்து. ஆவணியில் தேவகோட்டை போய் வரலாம். அல்லது கானாடுகாத்தான் வரை போய், பள்ளத்தூர் கோட்டையூர் வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கார் தொந்தரவு குறைவு, பெரிய வீடுகளின் பின்கட்டுச் சுவர் நிழலிலேயே கொஞ்ச தூரம் போகலாம், மயில்கள் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும். மயிலுக்கு மணியடித்துப் பயனில்லை, அது பறக்காது, நடந்துதான் போகும். புரட்டாசியில் திருப்பத்தூர், திருமயம் என்று நாற்பத்தைந்து, ஐம்பதைத் தொடலாம். என் முழங்காலை முறித்த அதே திருமயம், பதினான்காவது வாரத்தில் சாதுவாகிவிடும்.

இந்தப் படிப்படியான கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடந்து போகிறார்களே, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக, நாளுக்கு இவ்வளவு என்று தங்கித் தங்கித்தான் போகிறார்கள். அறுபது வயது ஆச்சிகளும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். என் பெரியப்பா மார்கழி பிறந்ததுமே விடியற்காலையில் வெறுங்காலோடு கண்மாய்க் கரையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு. அவருக்கு யாரும் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லித்தரவில்லை.

தண்ணீரும் தீனியும்

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சவாரிக்குத் தண்ணீர் போதும், வேறெதுவும் தேவையில்லை. அதற்கு மேல்தான் கணக்கு. நம் ஊர் வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். உங்களுக்குச் சரியாக எவ்வளவு என்று அறிய ஒரு வழி உண்டு. கிளம்புமுன் எடை பாருங்கள், திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் பற்றாக்குறை. எழுபது கிலோ ஆள் ஒன்றரைக் கிலோ குறைந்தாரென்றால் அடுத்த முறை கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை ஏறியிருந்தால் அதுவும் தப்பு. வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து.

இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். பொடி கலந்துகொள்ளுங்கள். பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. எலுமிச்சை பிழிந்தால் குடிக்க நன்றாக இருக்கும். உப்பு போட்ட நீர்மோரும் உதவும்.

தீனி விஷயத்தில் நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் முறை சிங்கம்புணரி போனபோது, காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். போகும்போது ராஜாவாகப் போனேன். திரும்புகையில் ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கை நடுங்கியது, கண் இருட்டியது, காலில் யாரோ மணல் மூட்டையைக் கட்டியது போல் ஆனது. சாலையோரக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடை ஆச்சி பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு, விடிஞ்சதுல இருந்து ஒண்ணும் திங்கலையா?” என்று கேட்டபடியே பாட்டிலைத் திறந்து இரண்டு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். கால்மணி நேரத்தில் உயிர் வந்தது.

உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரக் கடின உழைப்புக்குத்தான் காணும். தீர்ந்த பிறகு சாப்பிட்டால் தாமதம். ஆகவே பசிப்பதற்கு முன்னால், முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து என்பது பொது அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருபத்தைந்து கிராம் இருக்கும். பழம் ஒன்று, கடலைமிட்டாய் ஒன்று, நாலு பேரீச்சை, இப்படி மாற்றி மாற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி. சட்னியில் காரம் வேண்டாம். இதைச் செட்டிநாட்டில் எழுதுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மிளகாய்ச் சட்னி வயிற்றில் இருக்க வெயிலில் மிதித்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வெள்ளைப் பணியாரமும் அதற்கான சட்னியும் திரும்பி வந்த பிறகு.

ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிய வேண்டும். வெயிலில் திடீரென்று தலைவலி, குமட்டல், மயிர்க்கூச்செறிவது போல் குளிர், பேச்சில் தடுமாற்றம் எது வந்தாலும் சவாரி அதோடு முடிந்தது. நிழலில் படுத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டுக்கோ நண்பருக்கோ போன் செய்யுங்கள். தடுமாற்றம் தெளியாவிட்டால் 108.

ஆடிக்காற்றுதான் நம் மலை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சைக்கிள்காரனுக்கு அது பழமொழி இல்லை, செய்தி. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிற அந்தக் காற்றைப் புதியவர்கள் சபிப்பார்கள். நான் சபிக்க மாட்டேன். மலை இல்லாத ஊருக்கு இயற்கை கொடுத்த மலை அது.

கணக்கைப் பாருங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் காற்று வீசினால், உங்கள் நெஞ்சில் மோதுவது முப்பத்தைந்து. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். அதாவது தடை மூன்று மடங்கு. அதே இருபதில் போக நினைத்தால் மூச்சு முட்டும். வேகத்தை விட்டுக்கொடுத்து, கியரை இளக்கி, காலை அதே சுற்றில் வைத்து, பன்னிரண்டோ பதிமூன்றோ வருவது வரட்டும் என்று போகிற மனசு வேண்டும். மலையேற்றத்துக்கும் அதே மனசுதான் வேண்டும்.

ஆடி மாதம் வார நாளில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். குன்றக்குடிச் சாலை மேற்கே போகிறது, காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. பத்து நிமிடம் இலகுவாகப் போய் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு எட்டு நிமிடம் எதிர்க்காற்றில் கொஞ்சம் அழுத்தி. இரண்டு மூன்று சொல்லுக்குமேல் பேச முடியாத அளவு. பிறகு நான்கு நிமிடம் மெதுவாக. இப்படி மூன்று முறை. திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். எப்போதும் எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்புங்கள். மாற்றிச் செய்தால், களைத்த காலோடு கடைசி எட்டுக் கிலோமீட்டரில் அழுகை வரும்.

புரட்டாசி: பாலத்தில் மலை பழகுதல்

இந்தக் கட்டத்தில் கியர் சைக்கிள் இல்லாமல் முடியாது. வாங்கும்போது விற்கிறவர் ‘இருபத்தொரு கியர்’ என்று எண்ணிக்கை சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரங்களில் சிறியதற்கு எத்தனை பல், பின்னால் இருக்கிற பல்சக்கரங்களில் பெரியதற்கு எத்தனை பல்? முன்னால் 28, பின்னாலும் 28 என்றால், பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஒருமுறை சுற்றும். மலைக்கு அதுதான் குறைந்தபட்சம். பின்னால் 32, 34 இருந்தால் இன்னும் சுகம். கியரில்லாத பழைய சைக்கிள்களில் முன்னால் 44 அல்லது 48, பின்னால் 18 என்றிருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்று. அதை வைத்துக்கொண்டு மலையேறுவது தவம்.

மலைச்சாலைகள் பொதுவாக நூறு மீட்டருக்கு ஐந்திலிருந்து எட்டு மீட்டர் உயரும். எழுபத்தைந்து கிலோ ஆள் பதினைந்து கிலோ சைக்கிளில், நூற்றுக்கு ஆறு என்கிற ஏற்றத்தில், மணிக்கு வெறும் எட்டுக் கிலோமீட்டரில் ஊர்ந்தாலும், சமதரையில் இருபதில் போவதைவிட அதிகமாக உழைக்கிறார். அதனால் மலையில் வேகம் குறைவதைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. எடை குறைவான சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கப் பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: தூக்கிக்கொண்டு ஏறுவது தொண்ணூறு கிலோவை. சைக்கிளில் இரண்டு கிலோ குறைத்தால் தொண்ணூறில் இரண்டுதான் குறைகிறது.

பழக நமக்கு வாய்த்தது ரயில்வே மேம்பாலம். நூற்றுக்கு மூன்று நான்கு மீட்டர்தான் ஏறும், நீளமும் குறைவு. ஆனாலும் ஆறு முறை ஏறி இறங்கினால் போதுமான வேலை கிடைக்கும். போக்குவரத்துத் தொடங்குமுன், ஐந்தரை மணிக்குப் போங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே இளகின கியருக்கு மாறிவிடுவது முதல் பாடம். பாதி ஏற்றத்தில், அழுத்திக்கொண்டிருக்கும்போது மாற்றினால் செயின் கடகடத்துக் கழன்றுவிடும். உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து நின்று மிதிப்பது கடைசி இருபது மீட்டருக்கு, அல்லது இடுப்பு கடுக்கும்போது கொஞ்சம் நீட்டிக்கொள்ள. தோளையும் தாடையையும் தளர்த்துங்கள். பல்லைக் கடிப்பதால் சைக்கிள் ஏறாது. முதல் வாரம் மூன்று முறை, பிறகு நான்கு, ஐந்து, ஆறு. வாரத்துக்கு ஒருநாள் மட்டும்.

சிறுமலை

பதினாறாவது வாரம் ஓய்வு வாரம். அதன் கடைசியில், கால் புதிதாக இருக்கும்போது மலைக்குப் போங்கள். சைக்கிளைக் காரிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வரை போய்விடுவது நல்லது. காரைக்குடியிலிருந்தே மிதித்துக்கொண்டு போய் மலையும் ஏறுகிறேன் என்பது அடுத்த வருடத்து ஆசை. நத்தம் சாலையில் சிறுமலைப் பிரிவு. அங்கிருந்து மேலே ஊர் வரை பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். காட்டு வழி, காட்டுமாடு உண்டு. விடிந்த பிறகு ஏறி, பொழுது சாய்வதற்கு நெடுநேரம் முன்பே இறங்கிவிட வேண்டும். தனியாகப் போக வேண்டாம்.

முதல் இரண்டு வளைவில் எல்லோரும் வேகமாகப் போவார்கள். காலை நேரம், குளிர்ந்த காற்று, உற்சாகம். நீங்கள் போகாதீர்கள். ‘இவ்வளவு மெதுவாகவா?’ என்று வெட்கமாக இருக்கிற வேகத்தில் முதல் ஆறு வளைவு. பேச்சுச் சோதனை இங்கும் செல்லும். வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும். எதிரே வண்டி வரவில்லை என்பது நன்றாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சுற்றலாம், இல்லாவிட்டால் நம் இடது ஓரத்திலேயே. மூச்சு அடங்காவிட்டால் வளைவைத் தாண்டி, இரு பக்கமும் பார்வை கிடைக்கிற இடத்தில் நின்று தண்ணீர் குடியுங்கள். தள்ளிக்கொண்டு நடப்பதும் தப்பில்லை. நான் முதல் முறை பன்னிரண்டாவது வளைவிலிருந்து பதினான்கு வரை தள்ளிக்கொண்டுதான் போனேன். சிறுமலை வாழைத்தார் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் இறங்கும்போது பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். கொல்லிமலையின் எழுபது வளைவுகளைப் பற்றி அப்போது யாராவது பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், கட்டை தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றியிருக்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு இறங்குங்கள். பார்வை நீங்கள் போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று, ரிம்மும் கையும் ஆறட்டும்.

மறுநாள் சைக்கிளை மிதிக்க வேண்டாம். சாயங்காலம் முகப்பில் தலைகீழாக நிறுத்திவைத்து, டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு முள்ளாவது இருக்கும்.